‘நான்’, ‘அதே பொருள்’, ‘உணர்வு’: உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

இருபது வருஷம் மும்பைல காலேஜ்ல தத்துவம் பாடம் எடுத்தவன், இப்ப மாட்டுங்கால ரிட்டயர்டு. கேள்வி நிறைய வந்திருக்கு, தோணின வரிசைல எழுதறேன்.

சயன்லேர்ந்து ஒரு தம்பி: சார், எங்க பழைய பில்டிங்கை இடிச்சு ரீடெவலப்மென்ட் பண்ணாங்க, பேரு அதேதான், ஆனா அப்பா ‘இது நம்ம பில்டிங் இல்லடா’ங்கறாரு. யாரு சரி?

அப்பாவும் சரி, உங்க ஹவுசிங் சொசைட்டி ரெக்கார்டும் சரி தம்பி, ரெண்டும் வேற வேற பொருளைப் பத்தி பேசுது. சொசைட்டி அப்படியே தொடருது, சுவரு தொடரல. கிரேக்கக் கதை வீரன் தீஸியஸோட கப்பல்ல பலகைய ஒண்ணொண்ணா மாத்திட்டே வந்தாங்க, அது அதே கப்பலான்னு ஏதென்ஸ்ல சண்டை நடந்ததா பழைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதியிருக்காரு. உங்க கேஸ்ல அந்த மெதுவா மாத்தற விஷயமே இல்ல, ஒரே அடியா இடிச்சாச்சு. 1655ல இங்கிலாந்து தத்துவவாதி ஹாப்ஸ் இன்னும் ஒரு முடிச்சு போட்டாரு, கழட்டின பழைய பலகைய எல்லாம் ஒருத்தன் சேத்து வச்சு திரும்ப கப்பல் கட்டினா எது அசல்? உங்க மூணாவது மாடி கதவு ஜன்னலை பழைய சாமான்காரன் தூக்கிட்டுப் போய், அதை வச்சே கர்ஜத்ல யாரோ வீடு கட்டினா, அப்பா அங்க போய் நின்னு அந்தக் கதவைத் தொட்டுப் பாப்பாருன்னு நினைக்கறேன்.

முலுண்ட்லேர்ந்து ஒருத்தர்: ஏழு வருஷத்துல உடம்புல எல்லா செல்லும் மாறிடுமாமே, அப்ப பழைய நான் போயாச்சா?

எல்லா செல்லும் மாறாதுங்க. ரத்த சிவப்பணு சுமார் 120 நாள்தான் இருக்கும், ஆனா மூளைப் புறணில, அதாவது வெளி அடுக்குல, இருக்கற நியூரான்ல (நரம்பு செல்லுல) பெரும்பாலானது உங்க வயசுதான். 1950-60கள்ல அணுகுண்டு சோதனையால காத்துல ஏறின கார்பன்-14ங்கற ஒரு வகை கார்பன் செல்லுல எவ்வளவு இருக்குன்னு பாத்து, ஸ்வீடன்ல ஃப்ரிசேன்ங்கற விஞ்ஞானியோட குழு செல்லோட வயசைக் கணக்கு போட்டாங்க, 2005ல வெளியிட்டாங்க.

செம்பூர்லேர்ந்து ஒரு பொண்ணு: அம்மாவுக்கு மறதி நோய். போன வாரம் என்னைப் பாத்து ‘நீ யாரும்மா’ன்னு கேட்டாங்க. ஆனா மல்லிய கையில குடுத்தா அழகா கட்டறாங்க. இது என் அம்மாதானா சார்?

உங்க அம்மாதான்மா. ஆறுதலுக்காக சொல்லல, காரணத்தோட சொல்றேன். ஞாபகம் தொடர்ற வரைக்கும்தான் ஒரே ஆள்னு இங்கிலாந்து தத்துவவாதி ஜான் லாக் 1694ல எழுதினாரு, அதைக் கேட்டுட்டு நிறைய பேரு ‘ஞாபகம் போனா ஆளே போயாச்சு’ன்னு முடிவு கட்டிடறாங்க. இன்னொரு தத்துவவாதி தாமஸ் ரீட் 1785ல இதை மடக்கினாரு: தோட்டத்துல திருடி அடி வாங்கின பையன் வளந்து வீரமான ஆபீஸர் ஆனான், அவனுக்கு அந்த அடி ஞாபகம் இருக்கு, வயசான ஜெனரலா ஆனப்ப ஆபீஸரா பண்ணதெல்லாம் ஞாபகம், பையனா வாங்கின அடி மட்டும் மறந்துபோச்சு. அப்ப லாக் கணக்குப்படி ஜெனரல் ஆபீஸர்தான், ஆபீஸர் பையன்தான், ஆனா ஜெனரல் பையன் இல்ல, இது எப்படி நிக்கும்?

அது மட்டுமில்ல, ஞாபகமே ஒரே சரக்கு இல்லம்மா. 1953ல வலிப்புக்காக மூளைல ஆபரேஷன் ஆன ஹென்றி மொலைசனுக்கு அதுக்கப்புறம் புது விஷயம் எதுவும் மனசுல நிக்கல. ஆனா கண்ணாடில பாத்து நட்சத்திரம் வரையற வேலைய நாளுக்கு நாள் நல்லா பண்ணாரு, நேத்து இதைச் செஞ்சோம்ங்கறதே தெரியாம. அவருக்கு வந்ததும் அம்மாவோட நோயும் வேற வேற, ஆனா கைக்குன்னு தனியா ஒரு ஞாபகம் இருக்குங்கறது ரெண்டுலயும் தெரியுது. அந்தப் பூவைக் கட்டறது அம்பது வருஷமா கட்டிட்டு வந்த அதே ஆள், உங்க பேரைச் சொல்ற வழி மட்டும் அவங்களுக்கு அடைஞ்சு போச்சு. லாக் பெரிய ஆள்தான், ஆனா இந்த இடத்துல நான் அவர் பக்கம் நிக்க மாட்டேன்.

தாராவிலேர்ந்து ஒரு தம்பி: உணர்வு (கான்ஷியஸ்னஸ்) எங்கேர்ந்து வருதுன்னு சயின்ஸ் கண்டுபிடிச்சாச்சா சார்?

இன்னும் இல்ல. 25 வருஷத்துல மூளைல அதோட தடயம் தெளிவா கிடைச்சிடும்னு 1998ல மூளை விஞ்ஞானி கிறிஸ்டோஃப் கோக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸோட பந்தயம் கட்டினாரு. 2023ல தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு ஒயின் குடுத்தாரு. அதுவும் தடயம் மட்டும்தான் தம்பி, அந்த நரம்பு வேலை செஞ்சா வலின்னு ஒண்ணு ஏன் உள்ள தெரியணும்ங்கற கேள்விய அந்தப் பந்தயம் தொடவே இல்ல.

வாஷிலேர்ந்து ஒரு அம்மா: ஆழ்ந்து தூங்கறப்ப ‘நான்’ எங்க போறேன்?

இதை சைவ சித்தாந்த குரு மெய்கண்டார் 13ம் நூற்றாண்டுலயே எடுத்துக்கிட்டாரு, அவரோட சிவஞான போதம்ங்கற நூல்ல மூணாம் சூத்திரம். ‘என் உடம்பு’ன்னு சொல்றோமே, அப்ப நான் உடம்பு இல்லன்னு அங்க ஒரு வாதம். எனக்கு அது பத்தல, ஏன்னா ‘என் உயிரு’, ‘என் ஆத்மா’ன்னும்தான் சொல்றோம், அப்ப அதுவும் நான் இல்லன்னு ஆயிடும். தூக்கத்தை வச்சு சொல்ற வாதம் வலுவா இருக்கு: தூங்கறப்ப மூச்சு ஓடிட்டேதான் இருக்கு, ஆனா அனுபவமும் இல்ல செயலும் இல்ல, அதனால மூச்சு ‘நான்’ இல்ல. அது வரைக்கும் நான் அவரோட வர்றேன். அங்கேர்ந்து ஆன்மான்னு போக இன்னொரு படி வேணும்மா, அதை அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துக்கறேன்.