பிள்ளைக்கு ஊசி: எவ்வளவு, எப்போது? மிஸ்ஸியிடம் கேட்டவை

திருகோணமலை, மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று இந்த மாவட்டத்துக் கிளினிக்குகளில் பல வருடம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் வந்துகொண்டேயிருக்கின்றன. வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்கும்போது பிள்ளையின் வயதையும் எடையையும் எழுதுங்கள்.

கிண்ணியா, ஒரு தாய்: மிஸ்ஸி, பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. 2 மாதம் ஆகியும் மூன்றரைக் கிலோதான். பென்டா ஊசியைப் பாதியாகப் போடச் சொல்லலாமா?

வேண்டாம் மகள். குக்கல் (கக்குவான் இருமல்) உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசிதான் பென்டா. அதை முழு 0.5 மில்லிலீற்றர்தான் போட வேண்டும். பனடோல் (பரசிட்டமோல்) இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் ஓடி வேலை செய்கிற மருந்து, அதனால் எடைக்கு ஏற்ற அளவு. தடுப்பூசி அப்படியில்லை. தொடைத் தசையில் போட்ட இடத்துக்கே நோயெதிர்ப்புக் கலங்கள் வந்து, மருந்தில் இருப்பதை அடையாளம் கண்டு, பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகும். அந்த நோயை எதிர்க்க உடம்பு அங்கேதான் பழகுகிறது. அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவும் உள்ளே போக வேண்டும். மூன்றரைக் கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் அது ஒன்றுதான். பாதி போட்டால் அது போட்ட ஊசியாகவே கணக்கில் வராது. திரும்பவும் குத்த வேண்டி வரும்.

நாளையும் தள்ளிப்போடாதீர்கள். குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த திகதியிலிருந்தே 2 மாதம் எண்ண வேண்டும். குக்கல் வந்தால் அதிகம் தவிப்பது இந்தச் சின்னப் பிள்ளைகள்தான். மிக முந்திப் பிறந்து இன்னும் வைத்தியரின் பார்வையில் இருக்கிற பிள்ளை என்றால், முதல் ஊசியை வைத்தியசாலையில் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஊசி போட்ட பிறகு சில பிள்ளைகளின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

அதே தாய்: அப்படியென்றால் போலியோ ஊசியை மட்டும் ஏன் 0.1 போடுகிறார்கள்?

நல்ல கேள்வி. அது தோலுக்குள் போடுகிற ஊசி. தோலில் நோயெதிர்ப்புக் கலங்கள் நிறைய இருப்பதால் ஐந்தில் ஒரு பங்கே போதும். 2 மாதத்திலும் 4 மாதத்திலுமாக இரண்டு முறை போடுவார்கள். அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு.

நிலாவெளி, ஒரு தந்தை: அக்கா, பென்டா போட்டால் காய்ச்சல் வரும் என்று முதலிலேயே பனடோல் கொடுக்கலாமா? பிள்ளை 6 கிலோ.

முன்கூட்டியே கொடுக்காதீர்கள் தம்பி. ஊசியின் பலனை அது கொஞ்சம் குறைக்கலாம். காய்ச்சலோ நோவோ வந்தால் கொடுங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை. 6 கிலோவுக்கு 90 மில்லிகிராம் வரும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 3.75 மில்லி.

இதைக் கவனமாக வாசியுங்கள். பாணி வேறு, சொட்டு மருந்து வேறு. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் கடையில் இருக்கிறது. பாணிக்குச் சொன்ன 3.75 மில்லியை அந்தச் சின்னப் போத்தலிலிருந்து கொடுத்தால் 375 மில்லிகிராம், நான்கு மடங்கு! அப்படிக் கொடுத்துவிட்டு, போத்தலைக் கையில் பிடித்தபடி என் முன்னால் அழுத தாயை நான் பார்த்திருக்கிறேன். நேரத்தோடு வைத்தியசாலைக்கு அனுப்பியதால் பிள்ளை தப்பியது. கொடுக்குமுன் லேபலை வாசியுங்கள். வீட்டுத் தேக்கரண்டியால் அளக்காதீர்கள், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். டிஸ்பிரின் (அஸ்பிரின்) கொடுக்கவே கூடாது.

பாலையூற்று: சளி இருக்கிறது, ஊசி போடலாமா?

போடலாம். கடும் காய்ச்சல் என்றால் மட்டும் ஆறியதும் போடுங்கள்.

சாம்பல்தீவு: 9 மாத ஊசி போட்டு எட்டாம் நாள் காய்ச்சலும் மேலெல்லாம் செம்புள்ளியும். ஊசியாலா?

இருக்கலாம். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் போடும் அந்த ஊசி உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமி. அது உடம்பில் பெருகிப் பழக 5 முதல் 12 நாள் எடுக்கும். பென்டாவின் காய்ச்சலோ அன்றைக்கே வந்து இரண்டு நாளில் போய்விடும். ஆனாலும் இங்கே டெங்கும் இருக்கிறது. காய்ச்சல் நீடித்தாலோ பிள்ளை சோர்ந்தாலோ, ஊசிதான் காரணம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள்.

உவர்மலை, ஒரு தந்தை: தனியாரிடம் காசு கொடுத்தால் காய்ச்சல் வராத ஊசி கிடைக்கிறது. அரசாங்க ஊசி தரம் குறைந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இலவச பென்டாவில் குக்கல் கிருமி முழுதாக, கொல்லப்பட்டு இருக்கிறது. காசு ஊசியில் அதன் சுத்திகரித்த சில பகுதிகள் மட்டும். அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. ஆனால் குக்கலுக்கு எதிரான அதன் பாதுகாப்பும் சீக்கிரமாகக் குறைகிறது. இரண்டும் நல்ல ஊசிதான். கடன்பட்டுப் போட வேண்டிய அவசியம் இல்லை.

உவர்மலைத் தந்தை: அப்போ ஏன் பணக்கார நாடுகள் மாற்றின?

மூதூர், ஒரு பாட்டி: தம்பி, எங்கள் காலத்தில் குக்கல் இருமலைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள். இருமி இருமிப் பிள்ளை நீலமாகிவிடும். மூச்சை இழுக்கிற சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்கும்.

அம்மா சொல்வது அப்படியே உண்மை. தம்பி, ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்ததும் 1975இல் முழுக் கிருமி உள்ள பழைய ஊசியை நிறுத்தினார்கள். பிறகு திரும்பத் தொடங்கியும் மக்கள் பயத்தில் போடவில்லை. 1974இல் 400 பேருக்கும் குறைவாக வந்த குக்கல், 1979இல் 13,000 பேருக்கு மேல் வந்தது. 41 பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் புதிய ஊசியை 1981இல் கொண்டுவந்தார்கள். பழையது நோயைத் தடுக்கவில்லை என்பதற்காக அல்ல.

உவர்மலைத் தந்தை: என் மூத்த பிள்ளை அந்த ஊசிக்குப் பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் அழுதது. அதுதான் பயம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. அது வேறு விடயம். நிற்காத அழுகை, வலிப்பு, பிள்ளை துவண்டு வெளிறிப்போவது, இவை வந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள், கிளினிக்கிலும் கட்டாயம் சொல்லுங்கள், அவர்கள் பதிவார்கள். அடுத்த ஊசி எது, எங்கே என்று வைத்தியர் முடிவு செய்வார். இளையவரின் ஊசிக்கு முன் மூத்தவரின் கதையை எம்.ஓ.எச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) வைத்தியரிடம் முழுதாகச் சொல்லுங்கள்.

தம்பலகாமம்: சளியும் இருமலும். ஊசி போடலாமா?

மேலே பாலையூற்றுக்குச் சொன்னதுதான்.

சீனக்குடா: காய்ச்சல் வராவிட்டால் ஊசி பிடிக்கவில்லையா?

பிடிக்கும். காய்ச்சல் வராத பிள்ளைகள் ஏராளம்.

குச்சவெளி: கத்தாரிலிருந்து வந்தோம். 4 மாத ஊசி தவறி இப்போது 8 மாதம். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அங்கே தந்த கார்டைக் கொண்டுபோனால் இடைவெளியை அவர்களே கணக்கிடுவார்கள்.

அலஸ்தோட்டம்: பிறந்தவுடன் கையில் போட்ட ஊசி ஒரு மாதத்தின் பின் சீழ் கட்டி உடைந்திருக்கிறது. மஞ்சள் பூசலாமா?

எதையும் பூசாதீர்கள், பிதுக்காதீர்கள். அது பி.சி.ஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி, அப்படித்தான் ஆறி வடுவாகும். கமக்கட்டில் பெரிய கட்டி வந்தால் காட்டுங்கள்.

உப்புவெளி: சளி இருந்தால்...

போடலாம் மகள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், மேலே உள்ளதையும் வாசியுங்கள். அத்துடன் ஊசி போட்டதும் ஆட்டோவில் ஏறிவிடாதீர்கள். 20 நிமிடமாவது கிளினிக்கில் இருங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், அதற்கான மருந்தும் அங்கேதான் இருக்கிறது.

வெருகல், ஒரு தாய்: வெள்ளத்தில் பிள்ளையின் கார்ட் போய்விட்டது. என்னென்ன ஊசி போட்டோம் என்று நினைவில்லை.

கலங்காதீர்கள் மகள். உங்கள் பகுதி மருத்துவமாதுவின் பதிவேட்டிலும் ஒவ்வொரு ஊசியும் திகதியோடு எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் புதுக் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இடது கையில் வடு இருந்தால் பி.சி.ஜி போட்டிருக்கிறது. எழுத்தில் கிடைக்காத ஊசியை வைத்தியர் திரும்பப் போடச் சொன்னால் பயப்படாமல் போடுங்கள். புதுக் கார்ட் கிடைத்ததும் ஊசிப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள்.