கரண்டு அண்ணாச்சி பதில்கள்: அடுப்பைப் பழிக்கும் முன்னே சுவரைப் பாருங்க

(வீட்டு மின்சாரச் சந்தேகங்களுக்குப் பாளையங்கோட்டை வயர்மேன் அண்ணாச்சி பதில் சொல்கிறார். இந்த இதழில் மின் அடுப்பு.)

மகன் தீபாவளிக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கித் தந்தான். அதன் பிளக் பெரியது. மிக்ஸி போடும் சாக்கெட்டில் நுழையவில்லை. கடையில் ஒரு மாற்று பிளக் தந்தார்கள். அதைப் போட்டு பத்து நிமிஷம் ஓடினாலே சுவரிலிருந்து தீய்ந்த வாடை வருகிறது. அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு? அந்த மாற்று பிளக்கைத் திருப்பிக் கொடுங்க. கடைக்காரர் வாங்க மாட்டாரு, குப்பையில போடுங்க.

பிளக்கோட கால் தடிமனா இருக்கறது அழகுக்கு இல்லை. மிக்ஸி சாக்கெட் 6 ஆம்பியர். நம்ம 230 வோல்ட்டுக்கு அது தாங்கறது 1380 வாட்ஸ், அதுக்கு மேல இல்லை. உங்க அடுப்பு 2000 வாட்ஸ்னா 8.7 ஆம்பியர் இழுக்கும். பெரிய கால் சின்ன ஓட்டையில நுழையாம இருக்கறதே ஒரு பாதுகாப்புதான். மாற்று பிளக்கு அந்தப் பாதுகாப்பைத் தாண்டிப் போறதுக்கு வழி பண்ணிக் கொடுக்குது. இதை விக்கிற கடைக்காரங்க மேல எனக்குத் தீராத கோவம் உண்டு. அதை இன்னொரு நாள் வச்சுக்கிடுவோம்.

வாடை எங்கேயிருந்து வருதுன்னு சொல்லுதேன். சாக்கெட்டுக்குள்ள பித்தளைத் தகடு இருக்கும். நாள்பட அது தளர்ந்துபோகும். தளர்ந்த இடத்துல அரை ஓம் தடை இருந்தாலே, 8.7 ஆம்பியர் ஓடும்போது 38 வாட்ஸ் சூடு அங்ஙனயே உண்டாகும். ரேடியோ ரிப்பேர் கடையில ஈயத்தை உருக்குத சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ், 35 வாட்ஸ்தான். அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சு மூடுனா என்ன ஆகும்?

"கரண்ட் கூடினா தானா விழுத சுவிட்சு, எம்.சி.பி., போர்டுல இருக்கே, அது விழாதா?"ன்னு கேப்பீங்க. விழாது. எம்.சி.பி. பாக்கறது எவ்வளவு கரண்ட் ஓடுதுங்கறதை மட்டும்தான். லூஸ் காண்டாக்ட்ல கரண்ட் கூடாது, சூடுதான் கூடும். அது கண்டுபிடிக்காததை உங்க மூக்கு கண்டுபிடிச்சிருச்சு. அந்த வாடையை நம்புங்க.

கல்லிடைக்குறிச்சியில பழைய வீடுகளுக்குள்ள நான் நிறைய வேலை பாத்திருக்கேன். பாபநாசத்துல 1944-ல மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது. அந்தக் காலத்து வீட்டு வயரிங், தேக்குக் கட்டை மேல கிளிப் அடிச்சு ஓட்டினது, இன்னும் சில வீட்டுல உசிரோட கெடக்கு. நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோன்னு கணக்குப் பண்ணிப் போட்ட வயர் அது. அதுல அடுப்பு மாட்டக்கூடாது. மெயின் போர்டுல இருந்து அடுப்புக்குன்னு தனியா 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் இழுங்க. தூரம் சாஸ்தியா இருந்தா 4 ஸ்கொயர் போடுங்க. 16 ஆம்பியர் சாக்கெட்டும் சுவிட்சும், அதுக்குன்னு ஒரு எம்.சி.பி.யும் வேணும். அடுப்புக்கு நேர் மேல சாக்கெட் வைக்க விடாதீங்க, ஆவி ஏறும். சுவிட்சை அமத்தக் கொதிக்குத சட்டிக்கு மேல கையை நீட்டவும் வேண்டியிருக்கும். பக்கவாட்டுல வைங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடலாமான்னு இன்னும் சிலர் எழுதியிருக்காவ. கூடாது.

சுருள் அடுப்பில் குழம்பு கிண்டும்போது கரண்டியில் சுருக்கென்று அடிக்கிறது. ரப்பர் செருப்புப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை. செருப்புப் போட்டே சமைக்கலாமா?
— வாசகி, திசையன்விளை

தாயே, செருப்பை நம்பிச் சமைக்காதீங்க. இன்னைக்கே அந்த அடுப்பை நிப்பாட்டுங்க. செருப்பு ஈரமான அன்னைக்கு, இல்ல இன்னொரு கை தண்ணிக் குழாய்ல பட்ட அன்னைக்கு, அது வெறும் சுருக்கோட போகாது.

ரெண்டு கோளாறு இருக்கு. ஒண்ணு அடுப்புல. சுருள் திறந்து கெடக்குத மாடல்னா, அது தொங்கிப் பாத்திரத்தையோ இரும்புக் கூட்டையோ தொடுது. திறந்த சுருள் அடுப்பை நான் யாருக்கும் சிபாரிசு பண்ணறதே இல்லை. பொங்கி வழிஞ்ச குழம்பு போதும், உப்புத் தண்ணி கரண்டை நல்லாக் கடத்தும். சுருளை உலோகக் குழாய்க்குள்ள அடைச்சு மூடின தட்டு அடுப்பு வாங்குங்க.

இன்னொண்ணு உங்க எர்த், அதாவது கசியுத கரண்டை மண்ணுக்குள்ள இறக்குத வயரும் குழியும். எர்த் ஒழுங்கா இருந்திருந்தா, கூட்டுக்கு வந்த கரண்ட் உங்களைத் தேடி வந்திருக்காது. திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணு. செக்கச்செவேல்னு பாக்க அழகுதான், ஆனா தண்ணி நிக்காது. காஞ்ச மணல்ல கரண்ட் இறங்காது. வீடு கட்டும்போது குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியிருப்பாங்க. அதுக்கப்புறம் யாராவது ஒரு குடம் தண்ணி ஊத்தினாங்களா? குழிக்கு மேல புனல் இருக்கணும், கோடையில தண்ணி ஊத்தணும். உப்பு குழாயைத் தின்னும், அதனால குழாய்க்கும் எர்த் வயருக்கும் இடையில இருக்குத போல்ட்டையும் பாக்கணும். எர்த் டெஸ்டர் வச்சிருக்குத ஆளைக் கூப்பிட்டு எத்தனை ஓம்னு அளக்கச் சொல்லுங்க. பல்பைக் கொளுத்திக் காட்டி "எர்த் இருக்கு"ன்னு சொல்லுதவரை நம்பாதீங்க. பல்பு எரியறதுக்கு வேண்டியது கொஞ்சூண்டு கரண்ட்.

கரண்ட் கசிஞ்சா தானா வெட்டுத சுவிட்சு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மெயின் போர்டுல ஒண்ணு போட்டுருங்க. ஊர்ல இ.எல்.சி.பி.ன்னு கேட்டாலும் இதைத்தான் குடுப்பாங்க. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் கணக்குச் சரியா இல்லைன்னா கண் இமைக்கறதுக்குள்ள வெட்டிரும். அதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்க. விழலைன்னா அது சும்மா ஒப்புக்கு உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

காருக்குறிச்சி மண்சட்டியில் மீன்குழம்பு வைத்தால்தான் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். இண்டக்‌ஷனில் வைக்கலாமா?
— வாசகர், சேரன்மகாதேவி

சூடே ஏறாது. இண்டக்‌ஷன் கண்ணாடிக்கு அடியில செம்புக் கம்பிச் சுருள் இருக்கு. அது காந்தப்புலத்தை உண்டாக்கும், அந்தப் புலம் இரும்புல பட்டாத்தான் சூடு. வீட்டுக் காந்தத்தைப் பாத்திரத்துக்கு அடியில வச்சுப் பாருங்க, ஒட்டினா வேலை செய்யும். வார்ப்பிரும்பு தோசைக்கல் ஒட்டும். அலுமினியம், பித்தளை, மண், கல்சட்டி ஒட்டாது. நடுவுல ஒரு இரும்புத் தட்டை வச்சு மேல சட்டி வைக்கச் சொல்லி விக்கறாங்க. தட்டு பழுக்கக் காஞ்சு கண்ணாடியைக் கெடுக்கும், எனக்குப் பிடிக்கலை. மண்சட்டி வேணும்னா, கண்ணாடிக்கு அடியில சுருள் பழுத்துச் சூடு தருத இன்ஃப்ராரெட் அடுப்பு வாங்குங்க, குறைஞ்ச சூட்டுல தொடங்கி மெதுவா ஏத்துங்க. இன்ஃப்ராரெட்ல கண்ணாடியே கொதிக்கும், பிள்ளைங்க கை வச்சிராமப் பாத்துக்கிடுங்க.

எனக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். பேத்தி இண்டக்‌ஷன் வாங்கி வைத்திருக்கிறாள். அதில் சமைக்கலாமா?
— ஒரு ஆச்சி, ஆழ்வார்குறிச்சி

ஆச்சி, அடுப்போட காந்தப்புலம் பேஸ்மேக்கரைத் தொந்தரவு பண்ணிரக்கூடாது, அதனால ரெண்டுக்கும் நடுவுல 60 செ.மீ. இருக்கணும்னு சொல்லுதாங்க. குனிஞ்சு கிண்டாதீங்க. கண்ணாடியில போட்டிருக்குத வட்டத்தை முழுசா மூடுத பாத்திரத்தை நடுவுல வைங்க. உங்க இருதய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. பேத்தி இருக்கும்போது அவளே சமைக்கட்டும், நல்லதுதானே.

2023 வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஓவனையும் அடுப்பையும் வெயிலில் காயவைத்தோம், வேலை செய்கின்றன. மழை நாளில் மட்டும் மெயின் விழுகிறது.
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

அந்த டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் தாமிரபரணி எங்களையும் விடலை. பாளையங்கோட்டை, திருநெல்வேலி ஜங்ஷன் எல்லாம் மிதந்துச்சு.

மெயின் விழுதுன்னா உங்க ஆர்.சி.சி.பி. விசுவாசமா வேலை பாக்குதுன்னு அர்த்தம். அதைக் கழட்டிட்டு நேரா இணைச்சுத் தாறேன்னு யாராவது வந்தா வீட்டுக்குள்ள விடாதீங்க. ஆத்துத் தண்ணி காஞ்சுபோகும், அது விட்டுட்டுப் போன வண்டல் போகாது. காத்துல ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த வண்டல் ஈரத்தை இழுத்துக்கிட்டுக் கரண்டைக் கசிய விடும். ஓவன் சுவத்துக்குள்ள கண்ணாடிப் பஞ்சு அடைச்சிருக்கும். அது குடிச்ச தண்ணி வெயில்ல வச்சதால வெளியே வந்திருக்கும்னு நான் நம்ப மாட்டேன். ஓவனை விட்டுருங்க. அடுப்பைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, கரண்ட் கசியுதான்னு இன்சுலேஷன் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். தண்ணி ஏறின மட்டத்துக்குக் கீழே இருக்குத சாக்கெட், சுவிட்சு, எம்.சி.பி. எல்லாத்தையும் மாத்துங்க. சுத்தம் பண்ணிப் போட வேண்டாம், மாத்துங்க.

மகள் பேறுகாலத்துக்காக முதன்முறையாக அமெரிக்கா போகிறேன். அங்கே நாலு அடுப்பும் கீழே ஓவனுமாகக் கண்ணாடி வைத்த கரண்ட் அடுப்பாம். பயமாக இருக்கிறது.
— வாசகி, பாளையங்கோட்டை

நம்ம ஊர்க்காரங்க! பயப்பட ஒண்ணுமில்லை, கேளுங்க.

அங்கே விளக்குக்கும் மிக்ஸிக்கும் 120 வோல்ட். இந்த அடுப்புக்கு மட்டும் 240 வோல்ட்டுல தனி வயர், 40 இல்ல 50 ஆம்பியர் பிரேக்கர். நான் இங்ஙன தொண்டை கிழியக் கத்தறதை அங்கே வீடு கட்டும்போதே பண்ணிடுதாங்க. இங்கேயிருந்து இண்டக்‌ஷனையோ கிரைண்டரையோ தூக்கிட்டுப் போகாதீங்க, அந்த 120-ல ஓடாது.

கேஸ் அமத்தின உடனே தீ போயிரும். இதுல அமத்தின பிறகும் சூடு ரொம்ப நேரம் நிக்கும். கண்ணாடியில ஒரு சிவப்பு விளக்கு எரியும், அது அணையற வரைக்கும் கை, கரித்துணி, பிளாஸ்டிக் டப்பா எதுவும் மேல வைக்காதீங்க. பால் பொங்கி வந்தா குமிழைத் திருகினாப் போதாது, பாத்திரத்தைத் தூக்குங்க. சமைக்கையில கண்ணாடிக்கு அடியில சுருள் சிவப்பா எரிஞ்சு எரிஞ்சு அணையும். கோளாறு இல்லை, சூட்டை அது அப்படித்தான் அளவுல வைக்கும்.

பிள்ளைபெத்தவளுக்குக் கருப்பட்டி போட்டு லேகியம் கிண்டுவீங்க. பாகு கண்ணாடியில சிந்தினா ஆற விடக்கூடாது. இறுகும்போது கண்ணாடியையே பெயர்த்து எடுத்துரும். உடனே அடுப்பை அமத்தி, கையில தடிமனான உறை போட்டுக்கிட்டு, அதுக்குன்னு விக்கிற பிளேடு கரண்டியால சூடா இருக்கும்போதே வழிச்சிருங்க. மத்த கறையெல்லாம் ஆறின பிறகு துடைக்கலாம். தோசைக்கல்லை வச்சு இழுக்காதீங்க, தூக்கி வைங்க.

அடுத்தது ஓவன். அதை அலமாரியா ஆக்கி வாணலி, குக்கர், மூடி எல்லாம் உள்ளே அடுக்கி வைக்கறது நம்மாளுங்க பழக்கம். தெரியாம ஒருத்தர் ஓவன் குமிழைத் திருகினா பிளாஸ்டிக் கைப்பிடியெல்லாம் உருகிப் புகைஞ்சிரும். போன அன்னைக்கே திறந்து பாத்துக் காலி பண்ணச் சொல்லுங்க. தன்னைத்தானே சுத்தம் பண்ணற பட்டன் ஒண்ணு பல ஓவன்ல உண்டு. கதவைப் பூட்டிக்கிட்டு 480 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடேறும், சில மணி நேரம் ஓடும், புகை வாடையும் வரும். பச்சைப்பிள்ளை இருக்குத வீட்டுல அந்தப் பட்டனைத் தொட வேண்டாம். ஓவன் தரையில அலுமினியத் தாள் விரிக்கிறதும் ஆகாது. திறந்த கதவு மேல கனமான பாத்திரம் வச்சா அடுப்பே முன்னால சாயலாம். சாயாம இருக்கப் பின்னால ஒரு இரும்புத் துண்டு அடிச்சிருக்கணும், மருமகனைப் பாக்கச் சொல்லுங்க.

கடுகு தாளிச்சா புகை அலாரம் கத்தும். அதுக்காகப் பேட்டரியைக் கழட்டாதீங்க, சன்னலைத் திறங்க. எண்ணெய் தீப்பிடிச்சா அடுப்பை அமத்தித் தட்டு போட்டு மூடுங்க. தண்ணி கூடவே கூடாது, பாத்திரத்தைத் தூக்கிட்டு ஓடவும் கூடாது. ஓவனுக்குள்ள தீன்னா கதவைத் திறக்காம அமத்திட்டு நில்லுங்க. தீ அணையலைன்னா எல்லாரும் வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்க, அதுதான் அங்கே அவசர உதவி நம்பர்.

கேஸை விட்டுவிட்டு முழுக்கக் கரண்டுக்கு மாறினால் லாபமா?
— வாசகர், வள்ளியூர்

14.2 கிலோ சிலிண்டர் சமைக்கிறதை இண்டக்‌ஷன்ல சமைக்க ஏறத்தாழ 130 யூனிட் வேணும், என் கணக்கு. ரெண்டு மாச பில்லுல கொஞ்சம் யூனிட் இலவசம்னு சந்தோஷப்பட முடியாது. அதை ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே தின்னிருக்கும். அடுப்பு யூனிட் எல்லாம் விலை கூடின மேல் படியிலதான் போய் உக்காரும். 500-ஐத் தாண்டினா கீழ்ப் படி யூனிட்டுக்கும் விலை மாறும். பழைய பில்லை எடுத்துக் கூட்டிப் பாருங்க. கூடங்குளத்துக்குப் பக்கத்துல இருக்கோம்ங்கறதுக்காக இ.பி.யில தள்ளுபடி தரமாட்டாங்க. ஏ.சி.யும் அடுப்பும் சேர்ந்து ஓடும்னா கூடுதல் லோடுக்கு முதல்ல எழுதிக் கொடுங்க.

இண்டக்‌ஷனுக்குள் கரப்பான்பூச்சி போய்விட்டது. மருந்து அடிக்கலாமா?
— வாசகி, கடையநல்லூர்

அடிக்காதீங்க. அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும், ஈரம் போர்டுல இறங்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு ராத்திரி பூரா வெளிச்சமான இடத்துல கவுத்தி வைங்க. சமைச்சு முடிச்சதும் சுவிட்சை உடனே அமத்தாம, உள்ளே காத்தாடி நிக்கற வரைக்கும் விடுங்க. அப்புறம் அடிப்பக்கத்துக் காத்து ஓட்டையைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க. கண்ணாடியில கீறல் கண்டா மட்டும் எதுக்கும் காத்திருக்காம மெயினை அமத்திட்டுப் பிளக்கைப் பிடுங்குங்க.