தாவரம் பிடிக்கும் என்பதற்காகக் கணக்கை விட்டுவிடலாமா?

உங்கள் மகளுக்கு ஒளிச்சேர்க்கையில்தான் ஆர்வம், அதனால் கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிட்டு உயிரியல் பக்கம் போகட்டுமா, போனால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறேன்: கணக்கை விடவே வேண்டாம். அவள் விரும்பும் விஷயத்தின் உள்ளே போனால் இருப்பது இயற்பியல்தான்.

இலையில் இருக்கும் பச்சையம் எல்லாம் உணவு தயாரிக்கும் வேதிவினையில் நேரடியாக இறங்குவதில்லை. 1932-இல் எமர்சன், ஆர்னால்டு என்ற இரு விஞ்ஞானிகள் பாசியை வைத்துச் செய்த சோதனையில், கண நேரம் பாய்ச்சிய ஓர் ஒளித் துடிப்புக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர ஏறக்குறைய 2,500 பச்சைய மூலக்கூறுகள் இருந்தன. பெரும்பாலானவற்றின் வேலை ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறுக்குக் கைமாற்றி, வேதிவினை தொடங்கும் இடமான வினை மையத்துக்குக் கொண்டு சேர்ப்பது மட்டுமே. அவற்றைச் சரியான இடத்தில், சரியான கோணத்தில் பிடித்து வைத்திருப்பவை ஒளி அறுவடைப் புரதங்கள். தாவரங்களில் மிக அதிகமாக உள்ள அத்தகைய புரதத்தின் ஒவ்வோர் அலகிலும் 14 பச்சைய மூலக்கூறுகள், 4 கரோட்டினாய்டுகள் (மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள்). மூன்று அலகுகள் சேர்ந்து ஒரு தொகுதி.

பச்சைய மூலக்கூறுகளுக்கு இடையே சுமார் ஒரு நானோமீட்டர்தான் இடைவெளி. ஆற்றல் தாவும் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது ஃபோர்ஸ்டர் என்ற விஞ்ஞானி கொடுத்த விதி. தூரம் இரண்டு மடங்கானால் வேகம் 64-இல் ஒரு பங்காகிவிடும்! மிக நெருக்கமான மூலக்கூறுகளுக்கு இந்த விதியும் போதாது, குவாண்டம் கணக்கு வேண்டும். இதையெல்லாம் கணக்குத் தெரியாமல் எப்படித் தொடுவது?

அவளை ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். பசுங்கீரையை ஆல்கஹாலில் அரைத்து வடிகட்டி, இருட்டில் புற ஊதா டார்ச்சைக் காட்டினால் பச்சைக் கரைசல் சிவப்பாக ஒளிரும். (நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, டார்ச்சை நேராகப் பார்க்கவும் கூடாது.) அதே வெளிச்சத்தை முழு இலையில் காட்டினால் அந்தச் சிவப்பு கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. கரைசலில் ஆற்றலை வாங்கிக்கொள்ள அண்டை மூலக்கூறு இல்லை, அதனால் ஒரு பகுதி ஒளியாகவே வெளியேறிவிடுகிறது. இலையில் அது அதற்குள் கைமாறிவிடுகிறது. ‘ஏன் சிவப்பு?’ என்று அவளாகக் கேட்டால், சரியான துறையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று நான் நம்புவேன்.

சரி, வேலை. ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: இது நீண்ட பாதை. முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம், பெரும்பாலும் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர ஆய்வுப் பதவிகள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் வழியில் கற்றுக்கொள்ளும் லேசர் நிறமாலையியல் (லேசர் ஒளியால் பொருளை ஆராயும் முறை), எலக்ட்ரான் நுண்ணோக்கி, நிரலாக்கம், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு மருந்து நிறுவனங்களிலும் ஒளியியல் கருவித் துறையிலும் தேவை இருக்கிறது. இலையிலிருந்து கசியும் அந்தச் சிறு ஒளிர்வைச் செயற்கைக்கோளிலிருந்து அளந்து பயிரின் நிலையை அறியும் துறை வளர்ந்து வருகிறது. பயிர் மேம்பாட்டிலும் இதற்கு இடம் உண்டு. கடும் வெயிலில் இலை உபரி ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுகிறது. நிழல் வந்த பிறகும் அது நிற்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. அந்தத் தாமதத்தை மரபணு மாற்றத்தால் குறைத்தபோது புகையிலைச் செடிகள் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாக வளர்ந்தன என்று 2016-இல் ஒரு குழு காட்டியது.

ஆகவே பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கையும் சேர்த்து எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். முடியாவிட்டால் உயிரியலைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், கணக்கை அப்படிப் பிடிப்பது மிகக் கடினம். கல்லூரி பார்க்கும்போது பட்டத்தின் பெயரில் மயங்காதீர்கள். இளங்கலை மாணவர்களை ஆய்வகத்துக்குள் விடுகிறார்களா, கருவிகளைத் தொட விடுகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.