காயம்பட்டவர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேர்தல் பொய்களைச் சட்டத்தால் தடுக்க முனைவது ஆபத்து என்று எழுதியிருந்தீர்கள். எடையில் ஏமாற்றும் வியாபாரிக்கு அபராதம் உண்டு. மேடையில் பொய் சொல்லி ஓட்டு வாங்குகிறவருக்கு மட்டும் மாலையா? பிடித்துச் சிறையில் போட்டால்தான் அடங்குவார்கள். நீங்கள் யார் பக்கம்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் வியாபாரி உவமையை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் குறைத்தே சொல்லியிருக்கிறீர்கள். சொத்தைச் சரக்கைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். போட்ட ஓட்டைத் திருப்பி வாங்க முடியாது.

ஆனால் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 1895 முதல் இருக்கிறது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 123(4)ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டும் முக்கியமாகக் குறிவைப்பது ஒரே வகைப் பொய்யை: ஒரு வேட்பாளரின் சொந்தக் குணம், நடத்தை பற்றிய பொய். 'என் எதிராளி திருடன்' என்று தெரிந்தே பொய் சொன்னால் வென்ற பதவி போகலாம். 'அவர்கள் வந்தால் உங்கள் ஓய்வூதியம் நின்றுவிடும், உத்தரவு தயார்' என்று புளுகினால் இந்தப் பிரிவுகள் அசையாது. முதல் பொய்யில் காயம் வேட்பாளருக்கு, இரண்டாவதில் வாக்காளருக்கு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இரு நாடுகளிலும் சாதாரண வாக்காளரே தேர்தல் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் இந்தப் பிரிவின்கீழ் அவர் படியேற முடிவது இன்னொருவருடைய மானத்துக்காகத்தான்!

சட்டம் கடித்ததும் உண்டு. 2010 மே மாதம் பிரிட்டனின் ஓல்டம் கிழக்கு, சாடில்வொர்த் தொகுதியில் பில் வூலஸ் 103 வாக்குகளில் வென்றார். எதிராளி தீவிரவாதிகளின் ஆதரவைத் தேடினார் என்ற தொனியில் துண்டுப்பிரசுரங்கள் அடித்திருந்தார். நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்து, மூன்றாண்டுகள் போட்டியிடத் தடையும் விதித்தது. இது விரைவான தீர்ப்பு. அப்படியும் ஆறு மாதம். பொய்யின் வேலையோ வாக்குப்பதிவு அன்றே முடிந்துவிட்டது.

அப்படியானால் முன்கூட்டியே தடுக்கலாமே என்பீர்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் எது பொய் என்று பார்க்க ஓர் ஆணையமே இருந்தது. 2010இல் ஓர் எம்.பி., தனக்கு எதிரான விளம்பரப் பலகை பொய் என்று அங்கே புகார் கொடுத்தார். அவருடைய வழக்கறிஞர்கள் மிரட்டியதும், பலகை வைக்கவேண்டிய நிறுவனம் பின்வாங்கிவிட்டது. ஆணையம் இறுதி முடிவு எதுவும் சொல்லாமலே, விளம்பரம் கொடுத்தவர்களின் வாய் அடைக்கப்பட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லாது என்றது. இதோடு சிறையையும் சேர்த்துப் பாருங்கள். சாவி பெரும்பாலும் ஆள்கிறவர் இடுப்பில்தான் தொங்கும். முதலில் உள்ளே போகிறவர் நீங்கள் நினைக்கும் பொய்யராக இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

எனக்குப் பிடித்தது தெற்கு ஆஸ்திரேலியாவின் வழி. அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சைத் தொடுவதில்லை, தேர்தல் விளம்பரங்களை மட்டும் பார்க்கிறது. கருத்துக்கும் கணிப்புக்கும் தடையில்லை. உண்மைத் தகவல் என்ற வேடத்தில் வந்து, கணிசமான அளவுக்குத் தவறாக வழிநடத்தினால், தேர்தல் ஆணையர் 'திரும்பப் பெறுங்கள், மறுப்பு வெளியிடுங்கள்' என்று கேட்கலாம். மறுத்தால் நீதிமன்றம், அபராதம். மேடையில் சொல்லும் பொய் தப்பித்துவிடும், உண்மைதான். ஆனால் வாக்களிக்கும் முன்பே மறுப்பு வாக்காளர் கையில் கிடைக்க வாய்ப்புண்டு. காயம்பட்டவருக்கு மருந்து போய்ச் சேருகிற வழி, எனக்குத் தெரிந்து, இதுதான்.

சிறை வேண்டாம் என்றதில் மாற்றமில்லை. ஆனால் தேர்தல் பொய்மீதான எந்தச் சட்டமும் ஆபத்து என்று ஒரேயடியாக எழுதியது தவறு. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கட்டுரையின் தலையிலும் இந்த மறுப்பைச் சேர்த்துவிட்டேன்.