பூண்டுப் பரணை அளந்து வரைந்த பெண்ணின் அப்பாவுக்கு

ஐயா, வணக்கம். போன வாரம் பூம்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்து, சினிமாவில் ஆர்ட் டைரக்டர் ஆக ஆசைப்படும் மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டீர்கள்: "ஆர்ட் டைரக்டர்னா படம் வரையுறதுதானே சார், அதுக்கு எதுக்கு காலேஜ்?" அன்று கூட்டம். நின்றபடியே ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

குணா குகை உங்களுக்குத் தெரியாததா? 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்குப் பிறகு அங்கே கூடிய கூட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் குகைக்குள் நடக்கும் காட்சிகளில் பெரும்பகுதி நம் மலையில் எடுத்ததே அல்ல. கேரளத்தில் பெரும்பாவூரில் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி போட்ட செட் அது. இத்தனை வருஷம் கொடைக்கானலில் இருக்கிற நானே ஏமாந்தேன். பாறை பாறையாகவே தெரிய வேண்டும், கேமரா நுழைய இடம் வேண்டும், நடிகர் ஏறினாலும் தொங்கினாலும் தாங்க வேண்டும். இதில் வரைகிற வேலை எவ்வளவு, கட்டுகிற வேலை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கதை கைக்கு வந்ததும் கலை இயக்குநரும் அவர் ஆட்களும் காட்சி காட்சியாகப் பிரித்துப் பட்டியல் போடுவார்கள். '1980, ஒரு டீக்கடை' என்று கதையில் ஒரே வரிதான் இருக்கும். பெஞ்சு எப்படி, சுவரில் என்ன காலண்டர், அதில் எந்த மாதம், சுவிட்சு கறுப்பு உருண்டையா வெள்ளைப் பலகையா, விலைப்பலகையில் டீ எவ்வளவு என்பதெல்லாம் கலை இயக்குநரின் தலைவலி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஓரத்தில் தெரிந்தால் போச்சு. அப்புறம் இடம் பார்க்கப் போவது, ஓவியம், அளவுப்படம், அட்டையில் சின்ன மாதிரி, செலவுக் கணக்கு. சுவருக்கு என்ன நிறம் என்பதை ஒளிப்பதிவாளரோடும் உடை வடிவமைப்பாளரோடும் பேசித்தான் முடிவு செய்ய முடியும். கேமராவைப் பின்னால் இழுக்க வசதியாக ஒரு சுவரைக் கழற்றி மாட்டும்படியும் செய்ய வேண்டும். ஆசாரி, மோல்டிங் போடுகிறவர், பெயிண்டர் என்று ஒரு படையையே வேலை வாங்க வேண்டும். புது ஒட்டுப்பலகையை ஐம்பது வருஷத்துக் கதவாக்குவதும், டீ டிகாஷனில் நனைத்துக் காகிதத்தைப் பழசாக்குவதும் தனிக் கலை. கடைசியில் அத்தனையும் திரையில் அரை நிமிஷம் வரும். மறுநாள் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து மனசு உடைகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

'நாயகன்' (1987) படத்துக்காகத் தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்ட தோட்டா தரணிக்கு தேசிய விருது கிடைத்தது. அவரும், வால்பாறையில் பிறந்த இன்னொரு கலை இயக்குநரான சாபு சிரிலும் படித்தது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில். 1850-ல் தொடங்கியது அது. கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நாலு வருஷ பி.எஃப்.ஏ., அதாவது கவின்கலைப் பட்டம். வரையும் திறனைச் சோதித்துத்தான் இடம். கட்டடக்கலை படித்து இதற்குள் வருகிறவர்களும் உண்டு. பட்டம் முடித்தபின் புனே திரைப்படக் கல்லூரியில் இதற்கென்றே படிப்பு இருக்கிறது.

சரி, வருமானம். இங்கேதான் உங்கள் பயம் நியாயமானது. சில வருஷமாவது உதவியாளராக யாரிடமாவது வேலை பார்க்காமல் பெயர் வராது. படம் இருந்தால் பேட்டா, இல்லாவிட்டால் வீடு. என்னிடம் வந்துபோன ஒரு பையனுக்கு ஒரு தயாரிப்பாளர் தரவேண்டிய பாக்கி இன்னும் வரவில்லை. ராத்திரி பகல் பார்க்காத வேலை, பெண்கள் குறைவு. இதையெல்லாம் மகளிடமும் மறைக்காதீர்கள். மாதச் சம்பளம்தான் வேண்டும் என்றால் விளம்பர நிறுவனங்களிலும் ஆர்ட் டைரக்டர் என்ற பதவி உண்டு. அங்கே வேலை வேறு: வாசகம் எழுதுகிறவரோடு ஜோடியாக உட்கார்ந்து விளம்பரத்தின் தோற்றத்தை யோசிப்பது, எழுத்துரு, படம், பக்க அமைப்பு. அதே பி.எஃப்.ஏ.வில் விஷுவல் கம்யூனிகேஷன் எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். என்னைக் கேட்டால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

உங்கள் மகளின் நோட்டைப் புரட்டினேன். பூக்களும் சாமி படங்களும் சுமார்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு பக்கத்தில், பூண்டைப் புகையில் காய வைக்கும் உங்கள் பரணை வரைந்திருந்தாள். உத்தரத்துக்கு உத்தரம் எத்தனை அடி, ஏணிக்கு எத்தனை படி, புகை எந்த இடுக்கில் வெளியேறுகிறது, எந்த மரம் அதிகமாகக் கறுத்திருக்கிறது என்று ஓரத்தில் குறிப்பு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் டேப் பிடித்து அளந்திருக்கிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்தப் பக்கத்தில்தான்.

அரைப் பரீட்சை லீவில் கூட்டி வாருங்கள். அதற்குள் அவளுக்கு ஒரு வேலை: அதே பரணை அட்டையில், ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் செய்யட்டும். அதைப் பலகையில் நிஜ அளவுக்குக் கட்ட எவ்வளவு ஆகும் என்று மன்னவனூர் ரோட்டிலுள்ள உங்கள் ஆசாரியிடம் விசாரித்து ஒரு செலவுக் கணக்கும் எழுதட்டும். கணக்கைப் போடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் உதவி செய்ய வேண்டாம்.