சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகிறதா? மதர்போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த சிஸ்டம். இன்டெல் ஐ5 9400, எச்310 போர்டு, விண்டோஸ் இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, படங்களும் கணக்குகளும் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். முதலில் 8 ஜிபி ரேம்தான் இருந்தது. சென்ற ஆண்டு இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டோம். சில மாதங்களாகத் திடீர் திடீரென்று ஹேங் ஆகிறது. சில நேரம் ஒரு நிமிடம் நின்று தானே சரியாகிவிடும். சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ஒரே சத்தமாக இழுத்துக்கொண்டு, மவுஸ்கூட நகராமல் நின்றுவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும். இரண்டு முறை ஃபார்மட் செய்தாகிவிட்டது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இரண்டு வகை. தானே மீண்டு வரும் ஹேங் ஒன்று, எதற்கும் அசையாத ஹேங் இன்னொன்று. இவை பெரும்பாலும் வெவ்வேறு இடத்திலிருந்து வருபவை. முதலாவதில் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவதில் ரேம், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) இரண்டையும். ஒரே கோளாறு என்று எண்ணித் தேடுவதால்தான் ஒன்றைச் சரிசெய்த பிறகும் 'இன்னும் ஹேங் ஆகிறதே' என்று ஃபார்மட்டுக்கும் போர்டுக்கும் போய் நிற்கிறோம்.

எதையும் தொடும் முன் 1 டிபி டிஸ்க்கில் உள்ள படங்களையும் கணக்குகளையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். முக்கியமானவற்றை முதலில் எடுங்கள். இது முடியும்வரை டீஃபிராக், டிஸ்க் எரர் செக்கிங் எதையும் ஓட்டக் கூடாது. கெட்டுப்போகத் தொடங்கிய டிஸ்க்கை முழுவதும் படிக்க வைத்தால், மிச்சம் இருக்கும் உயிரும் அந்த வேலையிலேயே போய்விடலாம்.

அடுத்த முறை ஹேங் ஆகும்போது உடனே பவர் பட்டனுக்குப் போகாமல் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸின் அடித்தளம் உயிரோடு இருக்கிறது. டிஸ்க்குக்கோ டிஸ்ப்ளே டிரைவருக்கோ அது காத்துக்கொண்டிருக்கிறது. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு, எல்லாம் நகரத் தொடங்கினால் கோளாறு கிராபிக்ஸ் பக்கம். நகரவில்லை, கேபினட்டின் முன்பக்க டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தபடியே இருக்கிறது என்றால் டிஸ்க் பக்கம். கேப்ஸ் லாக் விளக்கே மாறவில்லை, சத்தமும் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றால் ஹார்டுவேர் மட்டத்திலேயே நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம். தேதி, நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் எப்படி இருந்தன என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிறகு பிழைப் பதிவுகளோடு ஒப்பிட இது தேவைப்படும்.

பதிவுகளைப் பார்க்க ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவண்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸின் கீழ் சிஸ்டம் என்பதற்குள் போங்கள். பலரும் அங்கே கெர்னல் பவர் 41 என்ற சிவப்புக் குறியைப் பார்த்து, எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 41 சொல்வது 'முறையாக ஷட் டவுன் ஆகவில்லை' என்பதை மட்டுமே. பட்டனை அழுத்தி நீங்கள் அணைத்தாலும் அதுதான் பதிவாகும். ஹேங் ஆன நேரத்துக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண் 7 டிஸ்க்கில் கெட்ட பிளாக் இருப்பதையும், 153 படிக்கும் அல்லது எழுதும் வேலையைத் திரும்ப முயன்றதையும், 129 பதில் சொல்லாத டிஸ்க்கை விண்டோஸ் ரீசெட் செய்ததையும் குறிக்கும். இதே எண்களை வேறு சேவைகளும் பயன்படுத்துவதால் சோர்ஸ் பத்தியையும் பார்க்க வேண்டும். 7, 153 இரண்டுக்கும் அங்கே 'டிஸ்க்' என்றும், 129க்கு 'ஸ்டோர்' (stor) என்ற எழுத்துகள் உள்ள பெயரும் இருந்தால்தான் கணக்கில் கொள்ளலாம். அசையாத ஹேங்குக்கு முன்னால் பெரும்பாலும் எதுவுமே பதிவாகியிருக்காது. எழுதுவதற்கே அவகாசம் இல்லாமல் நின்றிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்; ரேம், மின்சாரம் மீதான சந்தேகம் அதனால் வலுக்கும்.

இப்போது டிஸ்க். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் எப்படி சிஸ்டத்தையே நிறுத்தும் என்று கேட்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரர், தேடலுக்கான இன்டெக்ஸிங், ஆன்டிவைரஸ் எல்லாம் பின்னணியில் அந்த டிஸ்க்கையும் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். படிக்க முடியாத செக்டார் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதி) வந்தால் வீட்டு உபயோக ஹார்ட் டிஸ்க் சட்டென்று பிழை சொல்லிவிட்டு நகராது; அதே இடத்தைப் பல விநாடிகள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை கேட்டவர்கள் அத்தனை பேரும் காத்திருப்பார்கள். ஃபார்மட் செய்து உங்களுக்குப் பலன் இல்லாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்: எஸ்எஸ்டியில் விண்டோஸ் புதிதாக ஏறியது, ஹார்ட் டிஸ்க் அப்படியே இருந்தது.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சி5 படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் இருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. இவற்றின் ரா வேல்யூ பூஜ்யமாக இருக்க வேண்டும். 05இல் சிறு எண் இருந்து மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் கண்காணிக்கலாம். சி5இல் எண் இருந்து ஹேங்கும் ஆகிறது என்றால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்கக் கூடாது. நான்காவது வரி சி7. இது டிஸ்க்கின் உடம்பைப் பற்றியதல்ல; சாட்டா கேபிள் வழியே போகும் தரவு வழியில் கெடுவதைக் காட்டுவது. தளர்ந்த, மடங்கிய கேபிளால் இது ஏறும். புது கேபிள் போட்டாலும் பழைய எண்ணிக்கை குறையாது. மேலே ஏறாமல் நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த எண்கள் வழக்கமாக ஹெக்சாடெசிமலில் (எழுத்துகளும் கலந்த 16 அடிமான எண் முறை) தெரியும். ஃபங்ஷன் மெனுவில் 10 டெசிமல் என்று மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. சிஸ்டத்தை அணைத்து, மெயின் ஸ்விட்சையும் அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் மட்டும் ஒரு வாரம் ஓட்டுங்கள். ஒரு நிமிடம் நின்று மீளும் ஹேங் அடியோடு நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. நிற்கவில்லை என்றால் எஸ்எஸ்டியையும் அதே மென்பொருளில் பாருங்கள். 240 ஜிபியில் 10, 20 ஜிபிதான் காலி என்றால் இடத்தை விடுவியுங்கள். நிரம்பி வழியும் மலிவு எஸ்எஸ்டிகள் எழுதும்போது இப்படித் திணறும்.

அசையாத ஹேங்குக்கு ரேமில் தொடங்குங்கள். இரண்டாவது ரேமைப் பின்னால் வாங்கிப் போட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மெயினை அணைத்து, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேம்களைக் கழற்றுங்கள். தங்க நிற முனைகளை மென்மையான ரப்பரால் ஒரே திசையில் லேசாகத் துடைத்து, துகள் எதுவும் ஸ்லாட்டில் விழாமல் தட்டிவிடுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்த முனைகளில் படலம் படிவது சகஜம். பல நேரம் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும். திரும்பச் செருகும்போது கிளிப் 'டிக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும்.

பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் உள்ள பென் டிரைவில் பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு பாஸ் (முழுச் சுற்று) வரை ஓடும். 16 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் தேறவில்லை என்றுதான் அர்த்தம். 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே ஒரு ஸ்லாட்டில் தேறி, அடுத்த ஸ்லாட்டில் இரண்டுமே பிழை காட்டினால் அப்போது போர்டைச் சந்தேகிக்கலாம். தனியாகத் தேறிச் சேர்ந்தால் மட்டும் தவறினால், வேறு வேறு கம்பெனி ரேம்கள் ஒத்துப்போகவில்லை. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் செட்டிங்) ரேம் வேகத்தை 2666இலிருந்து 2400க்கு இறக்கிப் பாருங்கள். வேகம் குறைந்தது அன்றாட வேலையில் தெரியாது. மெம்டெஸ்டில் தேறினாலும் சந்தேகம் தீரவில்லை என்றால், ஹேங் ஆகும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு காலம் பழைய ரேமில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் 450 வாட் என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது. பழைய வகை ஹார்ட் டிஸ்க்குகளுக்கான நான்கு முனை கனெக்டரில், சிஸ்டம் வேலை செய்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25க்குள்ளும் இருக்க வேண்டும். மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். இந்த எல்லைக்கு வெளியே போனால் குற்றம் உறுதி. உள்ளே இருந்தால் குற்றமற்றது என்று அர்த்தமில்லை: கபாசிட்டர் வற்றிய எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்டேஜ் நொடிக்குள் பலமுறை ஆடும், மல்டிமீட்டர் அதன் சராசரியைத்தான் காட்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் தீர்வான சோதனை. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கும் கபாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனை விட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் சரியில்லாத வீட்டில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் இதே கதை தொடரலாம்.

சூட்டை எல்லோரும் முதலில் சொல்வார்கள். உங்கள் அறிகுறியில் அதற்கு முதலிடம் இல்லை. இந்த பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் சிஸ்டம் அணைந்துவிடும். படம் உறைந்து நிற்பது அதன் வழக்கமான அறிகுறி அல்ல. ஆனாலும் பெட்டியைத் திறந்ததும் தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கடின வேலையில் 85 டிகிரியைத் தாண்டினால் பிராசஸர் மேல் இருக்கும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களும் போர்டில் முழுதாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று எழும்பி நிற்பது அடிக்கடி காணும் காட்சி. சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால் பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே உள்ள பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிது வையுங்கள்.

இதே தொல்லை உள்ள வேறு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நேரும் தேய்மானத்துக்கான திருத்தத்தை இன்டெல் ஆகஸ்ட் 2024 முதல் வெளியிட்டது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது சரிசெய்யாது; பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். உங்கள் 9400க்கு இது பொருந்தாது.

இவை எல்லாம் தேறிவிட்டால், உபுண்டு (விண்டோஸ் போன்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) உள்ள பென் டிரைவில் பூட் செய்து, நிறுவாமல், டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க வீடியோ ஓட விடுங்கள். அதிலும் அசையாமல் நின்றால் விண்டோஸுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமில்லை. ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது என்பதால் மிஞ்சுவது போர்டு அல்லது பிராசஸர். நிற்கவே இல்லை என்றால் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்து, இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்கிப் பாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் உங்கள் குறிப்புத் தாளைக் கொடுத்து, முதலில் அவரிடம் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எச்310 போர்டு இப்போது பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். அதற்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். சோதனைக்கு எஸ்எஸ்டி போதும்.