4000-க்கு ஏற்றியும் ரேம் தாமதம் கூடுவது ஏன்?

ரைசன் 5600 ப்ராசஸர் உள்ள கணினியில் ரேமை 3600 வேகம், சிஎல் (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் கிளாக் சுற்றுகள்) 18-இலிருந்து 4000 சிஎல் 20-க்கு ஏற்றியதும் தாமதம் கூடிவிட்டது என்கிறீர்கள். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: இரண்டுக்குமே 10 நானோ நொடிதான். ஆக லாபம் இல்லை. நட்டம் வந்தது வேறிடத்தில். 4000-இல் பல மதர்போர்டுகள் ஆட்டோ அமைப்பில், ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும்.

பயாஸில் 3600-க்கே திரும்புங்கள். எஃப்கிளாக் (ப்ராசஸரின் உள் இணைப்பு வேகம்) 1800, யூகிளாக் (மெமரி கன்ட்ரோலர் வேகம்) மெம்கிளாக்குக்குச் (ரேமின் கிளாக் வேகம்) சமம் என வையுங்கள். பிறகு சிஎல்லை மட்டும் 16 ஆக்குங்கள், 8.9 நானோ நொடி கிடைக்கும். 17 வேண்டாம், கியர் டவுன் மோட் (ஒற்றைப்படை சிஎல்லை இரட்டைப்படையாக உயர்த்தும் அமைப்பு) இயங்கினால் அது 18 ஆகிவிடும். டிஆர்சிடியை (ரேமில் ஒரு வரிசையைத் திறந்தபின் படிக்கும்வரை காக்கும் நேரம்) இப்போதைக்குத் தொடாதீர்கள், பல சிப்களில் முதலில் இடறுவது அதுதான். அடுத்து டிஆர்எஃப்சியை (ஒரு ரிஃப்ரெஷுக்கு, அதாவது ரேம் தன் தரவைப் புதுப்பிக்க, ஒதுக்கும் நேரம்) 20, 20-ஆகக் குறையுங்கள்: ரிஃப்ரெஷ் முடியும்வரை ரேம் எந்தக் கோரிக்கைக்கும் பதில் தராது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் முந்தைய மதிப்புக்கே போய்விடுங்கள்.